மிக்ஸி டேபிள்

கல்யாண்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை விஜயராணி எழுதுவது.

இங்கே நானும் மகன் நாகராஜும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகம். உங்கள் சுகத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. போனில் பேசுவதை விட்டு நாலு மாதம் ஆகிறது. நான் கத்துவது பக்கத்து பில்டிங் வரை கேட்கிறது, உங்கள் காதுக்கு மட்டும் ஏறுவதில்லை. பேனாவே மேல்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் பாத்ரூமுக்கும் நடக்கிறேன். மூன்று மாடி இறங்க ஏப்ரல் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் பொங்கலுக்குச் செம்பூரில் வந்து நின்றிருப்பேன்.

போன கடிதத்தில் உங்கள் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். காய்ச்சலில் எழுத்து சாயுமா, அண்ணே?

பொங்கலுக்கு உங்களுக்குப் பிடித்த கை முறுக்கு சுற்றியிருக்கிறேன். நாகராஜ் டிராம்பே ரிபைனரிக்கு ஷிப்டுக்குப் போகிற வழியில் உங்கள் முதியோர் ஹோம் கேட்டில் கொடுத்துவிட்டுப் போவான். அவன் போகிற நேரத்துக்கு ஆட்களை உள்ளே விடுவதில்லையாம். இன்னொரு நல்ல சேதி, உல்லாஸ்நகரில் நம் மாலதியின் மூத்தவள் பெரியவளாகிவிட்டாள். பிள்ளையின் இடுப்புக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்க மாவு திரித்து வைத்திருக்கிறேன். அதையும் நாகராஜ்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அண்ணி போனதும் ஹோமுக்குப் போகிறேன் என்று பிடிவாதமாகப் போனீர்கள். இரண்டு வருடமாக நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று. சாப்பாடு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். மறுநாளே டாக்ஸி அனுப்பி இங்கே கூட்டி வந்துவிடுவேன். ஹாலில் ஜன்னல் பக்கம் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்
விஜயா


செம்பூர்
23 ஜனவரி 2025

தங்கச்சி விஜயாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் நலமா? வாக்கரோடு வேகமாக நடந்து காட்டி மருமகளைப் பயமுறுத்தாதே.

எழுத்து சாய்ந்ததற்குக் காரணம் பேனா. ஹோமில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து எல்லாருக்கும் இலவசப் பேனா கொடுத்தார்கள். இலவசம் அப்படித்தான் எழுதும்.

சாப்பாட்டைக் கேட்டாய். திங்கள் போஹா என்கிற அவல், செவ்வாய் உப்புமா, புதன் இட்லி. இட்லியை வெங்கடேஷ் என்கிற நம் ஊர்ப்பக்கத்துச் சமையல்காரர் செய்கிறார். மத்தியானம் சாதம், சப்பாத்தி, பருப்பு, ஒரு காய். ஞாயிறு மீன். இந்த டைனிங் ஹாலில் சாதி கிடையாது, டேபிள் உண்டு. வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்கள் ஒரு டேபிள், சைவம் ஒரு டேபிள், மீன் தின்கிறவர்கள் ஒரு டேபிள். என் அறையில் இருக்கும் மாதுங்கா சுந்தரராமன் வெங்காயம் சேர்க்கிற டேபிள்களை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். நான் மீன் டேபிளில் இருந்தேன். இப்போது ஜன்னலோரத்து டேபிளுக்கு மாறியிருக்கிறேன். நல்ல காற்று.

முறுக்கு வந்தது. என்ன சொல்ல, பழைய விஜயா கைதான். கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கிறது. சுந்தரராமன் இரண்டு தின்றார். நர்ஸுக்கு ஒன்று கொடுத்தேன். மிச்சத்தை டீயோடு நானே முடித்தேன். ஹாலில் கட்டில் போட்டால் நாகராஜ் எங்கே போய் நிற்பான்? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மாலதி மகளுக்கு என் ஆசீர்வாதம்.

உன் அண்ணன்
சுடலைக்கண்ணன்


கல்யாண்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலம் என்று படித்ததில் நிம்மதி. என் கால் நாளுக்கு நாள் தேறி வருகிறது.

முறுக்கு முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம். இந்தத் தடவை ஓமம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தொண்டையில் காறியதா? அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும், அதனால் கேட்கிறேன். காலி டப்பாவைப் பத்திரமாக வையுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்
விஜயா


கல்யாண்
2 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சுந்தரராமன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் அறையில் இருக்கும் சுடலைக்கண்ணனின் தங்கை. முன்பின் பார்க்காதவள் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்கக் கூடாது. உங்கள் உடல்நலத்துக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு என் வீட்டில் சிவப்பு மூடி போட்ட இரண்டு டப்பா இருந்தது. ஒன்றில் அண்ணனுக்கு முறுக்கு. இன்னொன்றில் என் பேத்திக்குக் களி மாவு. என் மகன் இரண்டையும் ஒரே பையில் போட்டு இடம் மாற்றிக் கொடுத்துவிட்டான். முறுக்கு உல்லாஸ்நகர் போய்விட்டது. என் மகள் மாலதி போனில் கூப்பிட்டு, "எம்மா, பிள்ளைக்கு முறுக்கு கொடுத்தா இடுப்பத் தேத்தச் சொல்லுத?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

அப்படியானால் செம்பூருக்கு வந்தது மாவு. ஆனால் என் அண்ணன், முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது, நீங்கள் இரண்டு தின்றீர்கள் என்று எழுதுகிறார். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை, ஐயா. ஓமம் தூக்கலா என்று அவரைக் கேட்டு எழுதியிருக்கிறேன். நான் முறுக்கில் ஓமமே போட மாட்டேன். அதற்கு என்ன பதில் வருகிறது பார்ப்போம்.

முறுக்கு என்றால் உயிரை விடுகிறவர் டப்பாவைத் திறக்காமல் இருக்கிறார் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவருக்கு என்ன? நீங்களாவது உள்ளதை எழுதுங்கள்.

உங்கள் சகோதரி போன்ற
விஜயராணி


செம்பூர்
15 பிப்ரவரி 2025

சகோதரி விஜயராணி அவர்களுக்கு சுந்தரராமன் நமஸ்காரம். க்ஷேமம். தங்கள் முழங்கால் விரைவில் குணமாகப் பிரார்த்திக்கிறேன்.

என்னிடம் போன் இருக்கிறது. இருந்தாலும் கடிதத்துக்குக் கடிதம்தான் மரியாதை. தங்கள் அண்ணா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். யாரிடமும் பேச மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்தவன் நான்.

நவம்பரில் வந்தது காய்ச்சல் இல்லை. சின்ன ஸ்ட்ரோக். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கை தேறிவிட்டது. விழுங்குவது மட்டும் சரியாகவில்லை. கெட்டியாக எதைச் சாப்பிட்டாலும் புரையேறுகிறது. தங்களுக்கு ஆபரேஷன் நேரம், சொல்லக் கூடாது என்று ஆபீஸிலும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

அவர் எழுதிய ஜன்னலோரத்து டேபிளுக்கு இங்கே மிக்ஸி டேபிள் என்று பெயர். மெல்லவும் விழுங்கவும் முடியாத நாலு பேர் அங்கே உட்காருவார்கள். அன்றைக்குச் சமைத்த சாதம், பருப்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு அரைத்து ஒரு கிண்ணத்தில் கொடுப்பார்கள். எந்தக் கிழமையானாலும் ஒரே நிறம். அவர் அங்கே உட்கார்ந்தது இரண்டே நாள். இருமல் வந்து, வாயிலிருந்து வழிந்து, சட்டையெல்லாம் ஆகிவிட்டது. எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. கிண்ணத்தை அறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போகிறது.

இனி எழுதப்போவதைத் தாங்கள் தைரியமாகப் படிக்க வேண்டும். அறுபது கிலோ இருந்தவர் இப்போது ஐம்பத்தொன்று. மார்ச் 28, வெள்ளிக்கிழமை மறுபடி எடை பார்ப்பார்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் போட்டவர்களை இந்த ஹோமில் வைத்துக்கொள்வதில்லை. வேறு இடத்துக்குத்தான் அனுப்புவார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவர் இன்னும் குறைவாகச் சாப்பிடுகிறார். பயத்தில் கரண்டியைப் பாதியிலேயே வைத்துவிடுகிறார்.

அந்த டப்பாவை அவர் மூடியைக்கூடத் தொடாமல் அஸ்ரின் என்கிற ஆயாவிடம் வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்துவிட்டார். அவள் திறந்து பார்த்துவிட்டு, கிச்சனுக்கு வந்த மாவு போலிருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தாள். இப்போது வெங்கடேஷின் ஷெல்பில் இருக்கிறது. அது என்ன மாவு, அதை என்ன செய்வது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு
சுந்தரராமன்


கல்யாண்
22 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. டாக்ஸி பிடித்து வந்து இரண்டு கேள்வி கேட்கலாம் என்று வாசல் வரை நடந்தேன். முதல் படியிலேயே கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இங்கே கூட்டி வந்தாலும் ஆறு பேர் நடமாடும் ஹாலில் உட்கார்ந்து அவர் வாய் திறப்பாரா? அறைக்குள் போய்ச் சாத்திக்கொள்ளக்கூட இங்கே ஒரு அறை மிச்சமில்லை.

அந்த மாவு கறுப்பு உளுந்தும் பச்சரிசியும் வறுத்துத் திரித்தது. ஒரு பங்கு மாவுக்கு ஒரு பங்கு கருப்பட்டி. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, கொதித்ததும் மாவைத் தூவி, நல்லெண்ணெய் விட்டு விட்டுக் கிண்ட வேண்டும். நாங்கள் உருண்டையாக்கி நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவோம். அண்ணனுக்கு அந்தக் கெட்டி ஆகாது. தண்ணீர் கூட்டி, கரண்டியில் எடுத்தால் ஒட்டாமல், ஒழுகாமல் நிற்கிற பதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் நர்ஸிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கருப்பட்டியும் எண்ணெயும் நாகராஜ் நாளைக்குக் கேட்டில் கொடுப்பான்.

ஒரு விஷயம். நான் சொல்லித்தான் செய்தது என்று அவருக்குத் தெரியக் கூடாது. அவர் ரோஷக்காரர். நான் பெரியவளானபோது தாராவியில் பத்துக்குப் பத்து அறை. அம்மா எனக்குப் பதினாறு நாள் களி கிண்டிக் கொடுத்தாள். பொம்பளைப் பிள்ளைக்குச் செய்ததை ஆம்பளை தின்னக் கூடாது என்று அண்ணனுக்குக் கண்ணில் காட்ட மாட்டாள். அவருக்குப் பதினேழு வயது. தோல் பட்டறையில் நாளெல்லாம் பை வெட்டிவிட்டுப் பசியோடு வருவார், கேட்க மாட்டார். நான் தினமும் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி மிச்சம் வைத்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொள்வேன். அம்மா அந்தப் பக்கம் போனதும் அவர் வழித்துத் தின்பார். இன்று வரை இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

அறைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். டேபிளில் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வாசனைக்கு வருவார்.

நன்றியுடன்
விஜயராணி


செம்பூர்
8 மார்ச் 2025

சகோதரிக்கு நமஸ்காரம். இங்கு யாவரும் சௌக்கியம்.

முதல் நாள் களி தோல்வி. வெங்கடேஷ் தூத்துக்குடிக்காரர், எனக்கா சொல்லித் தருகிறீர்கள் என்று தங்கள் கடிதத்தைப் படிக்காமலே கிண்டினார். கரண்டி நட்டமாக நின்றது. நர்ஸ் கொடுக்கக் கூடாது என்றுவிட்டாள். அஸ்ரின்தான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை தங்கள் கடிதத்தை நான் பக்கத்தில் நின்று வாசிக்க, பதமாக வந்தது. நர்ஸ் கரண்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

மிக்ஸி டேபிளில் நாலு பேருக்கும் சூடாக வைத்தார்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை எங்கள் அறை வரை வந்தது. தங்கள் அண்ணா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். கதவு வரை போனார், நின்றார், திரும்பினார், மறுபடி போனார். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன். பிறகு ஹால் வாசலில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்டார்.

"இங்க எவ பெரிய மனுசியானது?"

காது கேளாதவர் குரல், ஹால் முழுக்கக் கேட்டது. மிக்ஸி டேபிளில் சேசம்மாள் என்று ஒரு அம்மாள் இருக்கிறார். எண்பத்தாறு வயது, வாயில் ஒரு பல் கிடையாது. அவர் நிமிர்ந்து பார்த்து, அதைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"நாந்தான். வந்து உக்காரும்."

மீன் டேபிள், சைவ டேபிள் எல்லாம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே போய் உட்கார்ந்தார். நாலாவது கரண்டியில் புரையேறியது. சட்டையில் சிந்தியது. எழுந்துவிடப் போகிறார் என்று நான் பாதி எழுந்துவிட்டேன். சேசம்மாள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. தன் துண்டை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தன் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். அவர் துடைத்துக்கொண்டு ஐந்தாவது கரண்டியை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. களியில் வெங்காயம் இல்லாததால் நானும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வெங்கடேஷைக் கூப்பிட்டு ஒரு விசாரணை நடத்தினார். "பருப்பத் தனியா அரையும், பூசணிக்காயத் தனியா அரையும். எல்லாத்தையும் ஒண்ணாக் கலக்கிட்டா என்ன திங்கோம்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" ஜாரை மூன்று தடவை கழுவ வேண்டியிருக்கும் என்று வெங்கடேஷ் முணுமுணுத்தார். நானே கழுவுகிறேன் என்று இவர் எழுந்து போய்விட்டார். இப்போது மிக்ஸி டேபிளுக்குத் தடுப்பு வைத்த தட்டு. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று தனித்தனியாக வருகிறது. இவரும் வெங்கடேஷும் சிங்க் பக்கத்தில் தினமும் சண்டை. சண்டை போட்டால் பசிக்கிறது போலிருக்கிறது. 28-ஆம் தேதி வரை பொறுத்திருப்போம்.

இப்படிக்கு
சுந்தரராமன்


செம்பூர்
20 மார்ச் 2025

தங்கச்சி விஜயாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். ஹோமில் என்ன வேலை என்று கேட்பாய். கிச்சனில் மேற்பார்வை.

இங்கே ஒரு அதிசயம். செவ்வாயும் வெள்ளியும் உளுந்தங்களி கொடுக்கிறார்கள். பம்பாயில் வயசானவர்களுக்குக் களி கிண்டிப் போடுகிற ஹோம் இது ஒன்றாகத்தான் இருக்கும். மாவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வெங்கடேஷ் மேலே பார்க்கிறார், சுந்தரராமன் கீழே பார்க்கிறார். கைப்பக்குவம் மோசமில்லை. நல்லெண்ணெயில்தான் கஞ்சத்தனம், சொல்லியிருக்கிறேன்.

என் டேபிளில் சேசம்மாள் என்று ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பையும் தனியாக வடிகட்டிக் கொடுக்க வேண்டும் என்று என்னை ஏவிவிடுகிறார். மனுப் போட்டிருக்கிறேன். முறுக்கு இப்போதைக்கு வேண்டாம். வெயில் காலம், எண்ணெய்ப் பலகாரம் ஆகாது.

உன் அண்ணன்
சுடலைக்கண்ணன்


கல்யாண்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? நான் நேற்று வாக்கர் இல்லாமல் ஒரு மாடி இறங்கி ஏறினேன். மருமகள் கை தட்டினாள்.

இந்த வயதில் உங்களுக்குக் களியா? மாலதியிடம் சொன்னேன், மாமாவுக்குச் சடங்கு எப்போது, பந்தல் போட வேண்டுமா என்று கேட்கிறாள். சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. நாகராஜிடம் இன்னும் இரண்டு கிலோ மாவு கொடுத்துவிடுகிறேன்.

13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை டாக்ஸியில் வருகிறேன். மறுநாள் வருடப்பிறப்பு. மத்தியானச் சாப்பாடு உங்களோடுதான். எந்த டேபிளில் உட்காருவது என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று யாருமே எழுதவில்லை. ஐந்து நாளாகப் போஸ்ட்மேன் வந்தாரா என்று கேட்டுக் கேட்டு மருமகளுக்கு அலுத்துவிட்டது. உடனே எழுதுங்கள்.

விஜயா


செம்பூர்
7 ஏப்ரல் 2025

என் தங்கச்சி விஜயாவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை உள்ளபடிக்கே நலம்.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய். எந்த வெள்ளிக்கிழமை? நான் உனக்கு ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றியும் எழுதவில்லையே. நாகராஜிடம் மாவு கொடுத்துவிடுகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். ஹோமில் கொடுக்கிற களிக்கு உன் வீட்டிலிருந்து எதற்கு மாவு? உனக்குத் திருட்டுத்தனம் சரியாக வராது. சின்ன வயதிலும் வந்ததில்லை.

டப்பாவில் முறுக்கு இல்லை என்று அஸ்ரின் அடுத்த வாரமே சைகை காட்டிச் சொல்லிவிட்டாள். அதற்குள் என் கடிதம் போய்விட்டது. நீ ஓமத்தைப் பற்றிக் கேட்டு எழுதியதும் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது. நீ என்றைக்கு முறுக்கில் ஓமம் போட்டாய்? என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் ஒன்றரை மாதம் சும்மா இருந்தேன். களி வாசனை வந்த அன்று, இது யார் வேலை என்று புரிந்துதான் வாசல் வரை போனேன்.

வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன், விஜயா. உன் வீட்டின் மேல் குறை இல்லை. வாயிலிருந்து வழிவதை நீ பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். உன் மருமகள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். இங்கே என் டேபிளில் எல்லாருக்கும் வழிகிறது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை, துண்டை மட்டும் தள்ளிவிடுகிறோம். எனக்கு இங்கேயே இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை எடை ஐம்பத்திரண்டரை. டாக்டர் குழாய்ப் பேச்சை விட்டுவிட்டார். சுந்தரராமன் உனக்கு எழுதக் கிளம்பினார், நானே எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். அதே இலவசப் பேனாதான். எழுத்து சாய்ந்திருந்தால் அதைக் குறை சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை வா. ஜன்னலோரத்து டேபிள்தான், மிக்ஸி டேபிள். உனக்குப் பல் இருப்பதால் அங்கே இடம் கிடையாது என்று சேசம்மாள் சொன்னார். தங்கச்சி என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றைக்குக் களி கிண்ட வெங்கடேஷ் ஒத்துக்கொண்டார். ஒரு ஆளுக்கு ஒரு கிண்ணம்தான், விருந்தாளிக்குக் கணக்கு கிடையாது என்கிறார். அதனால் என் கிண்ணத்தில், அடியில், ஒரு கரண்டி மிச்சம் வைப்பேன். வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நீ எடுத்துச் சாப்பிடு.

உன் அண்ணன்
சுடலைக்கண்ணன்